பாயும் தம்பி, அவசர அண்ணன்

கே: காலேஜ் கபடி டீமில் என் தம்பி ரைட் கார்னர். எடை 84 கிலோ. ரைடர் வந்தாலே புலி மாதிரி பாய்வான். புரோ கபடிக்குத் தேறுவானா?
- ஓர் அண்ணன், புளியஞ்சோலை.

ப: புரோ கபடியில் 85 கிலோதான் உச்சவரம்பு. முதலில் ராத்திரி பரோட்டாவை நிறுத்துங்கள்!

அந்தப் பாய்ச்சல்தான் எனக்குக் கவலை. காலேஜ் ரைடர் அதில் மாட்டுவார். பர்தீப் நர்வால் போன்ற புரோ கபடி ரைடரோ பாய்கிறவரின் கைக்கடியில் 'டுப்கி' போட்டு நழுவி, நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். எனவே தம்பி எத்தனை முறை பாயாமல் நின்றான் என்று எண்ணுங்கள். போனஸ் கோட்டுக்குக் கால் நீளும் நொடியில் கணுக்காலைக் கவ்வுகிறானா? பக்கத்து கவர் ஆட்டக்காரர் வந்து சேரும்வரை பிடி தாங்குமா? மூன்றே பேர் மிச்சமிருக்கும்போது பிடித்தால் சூப்பர் டாக்கிள், இரண்டு புள்ளி; அப்போது கை நடுங்குகிறதா? கோப்பைகளைவிட இதைத்தான் நான் பார்ப்பேன்.

தஞ்சை மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதனும் கார்னர்தான். நாற்பதைத் தாண்டிய வயதில், 2016-ல், கேப்டனாக நின்று பாட்னா பைரேட்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். தம்பிக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. அண்ணன்தான் முந்திப் பாய்கிறீர்கள்!