நாயனம் பீப்பீ ஆகாமல் இருக்க

மயிலாப்பூரில் ஹோம் தியேட்டர் வாங்குகிறவர்களின் கவனமெல்லாம் ஓரங்களுக்கே போய்விடுகிறது. டிவிக்கு இருபுறமும் நிற்கப்போகும் ஆளுயர டவர் ஸ்பீக்கர்கள் ஹாலில் இருக்கும் தேக்கு அலமாரியின் நிறத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று குடும்பமே கூடிப் பார்க்கிறது. சப்-ஊஃபரைக் கீழ்வீட்டு மாமி எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார் என்பதுவரை விவாதம் நடக்கிறது. பட்ஜெட் தீர்ந்து, பில் போடும் வேளையில்தான் நடு ஸ்பீக்கரின் ஞாபகம் வருகிறது. "சென்டர்தானே சார், எதைப் போட்டாலும் பேசும்" என்று கடையிலும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும். அந்த வாக்கியத்தில் 'பேசும்' என்பது மட்டும்தான் உண்மை. 5.1 ஒலியில் வரும் படங்களில் வசனம் ஏறக்குறைய முழுவதும் நடுத் தடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. இடமும் வலமும் பாட்டுக்கும் பின்னணி இசைக்கும். பின்னால் இருப்பவை மழைக்கும் ஹெலிகாப்டருக்கும். மாதத்துக்கு ஒரு ஹெலிகாப்டர் வந்தால் அதிகம். வசனமோ இடைவேளை போகக் குறையாமல் இரண்டு மணி நேரம். ஆகவே என் கட்சி இதுதான்: முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது நடு ஸ்பீக்கரை. இடமும் வலமும் அதன் கூடப் பிறந்தவையாக இருக்க வேண்டும். தேக்கு நிறம் அதற்கப்புறம்.

இதை இந்த ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. நடுச் சேனலின் தத்துவத்தைச் சபா நாடகம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. மேடையின் முன்பக்கம் மேலிருந்து மைக் தொங்கும். பாத்திரம் எங்கே நின்றுகொண்டிருந்தாலும், தன் முறை வந்ததும் நகர்ந்து நகர்ந்து மைக்குக்கு அடியில் வந்துவிடும். மாரடைப்பு வந்த அப்பாகூட அப்படியே சோபாவில் விழுந்துவிட மாட்டார். இரண்டடி முன்னால் வந்து, மைக்குக்கு நேராக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உயில் எந்த பீரோவில் இருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொன்ன பிறகுதான் சாய்வார். இதெல்லாம் நாடகமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். டிக்கெட் வாங்கியவர் வசனம் கேட்கத்தான் வந்திருந்தார். 1968-இல் மேடையேறிய சோவின் 'முகமது பின் துக்ளக்'கையும், 1976-இல் எஸ்.வி. சேகருக்காகக் கிரேஸி மோகன் எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்க'த்தையும் செட்டுக்காக யாரும் போய்ப் பார்க்கவில்லை. மோகனின் நகைச்சுவையில் ஓர் எழுத்து காதில் விழாமல் போனால் அந்தச் சிரிப்போடு அடுத்த மூன்று சிரிப்புகளும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் ஒவ்வொன்றும் முந்தையதன் தோளில் ஏறி நிற்பது. இப்படிப்பட்ட காதுகளைப் பரம்பரையாகக் கொண்ட ஊர், வசனம் வரும் ஸ்பீக்கரைக் கடைசியில் வாங்குகிறது.

உலக வரலாறும் என் பக்கம்தான். 1933 ஏப்ரல் 27 அன்று பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவின் வாசிப்பைத் தொலைபேசிக் கம்பிகள் வழியாக வாஷிங்டனில் ஒரு மண்டபத்துக்கு அனுப்பிக் காட்டினார்கள் பெல் ஆய்வகத்தினர். வாத்தியக்காரர்கள் பிலடெல்பியாவில் இருக்க, அவர்களுடைய நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி வாஷிங்டனில் உட்கார்ந்து ஒலிக் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். மூன்று மைக், மூன்று கம்பித்தடம், மூன்று ஒலிபெருக்கி. அகலமான மேடையைக் காதுக்குக் காட்ட இரண்டு போதாது, நடுவில் ஒன்று வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். இன்று வரை சினிமா தியேட்டர்களில் திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று ஒரே மாதிரியான மூன்று ஸ்பீக்கர்கள், ஒரே உயரத்தில் நிற்கின்றன. திரையில் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருப்பது அவற்றின் சத்தம் வெளியே வரத்தான். வீட்டு டிவியில் ஓட்டை போட முடியாது. அதனால்தான் நடு ஸ்பீக்கரைப் படுக்க வைத்து டிவிக்குக் கீழே செருகும் வழக்கம் வந்தது. கண்ணாடிக் குழாய் டிவி இருந்த காலத்தில் அந்த ஸ்பீக்கரின் காந்தத்துக்குக் கவசமும் போட வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் கதாநாயகியின் முகம் ஓரத்தில் பச்சையாகிவிடும். இந்தப் படுக்கை வடிவம் ஒலியின் தேவைக்காகப் பிறந்தது அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஏன் கூடப் பிறந்ததாக இருக்க வேண்டும்? கச்சேரியில் பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றும் ஒரே சுருதியில் சேர்ந்த பிறகுதான் வர்ணம் ஆரம்பிக்கிறது. முன்வரிசை மூன்று ஸ்பீக்கர்களுக்கும் அப்படியொரு சுருதி உண்டு. டிவீட்டர் பட்டுத் துணியாலானதா, அலுமினியமா, எந்த அதிர்வெண்ணில் ஊஃபர் ஓய்ந்து டிவீட்டர் தொடங்குகிறது, சத்தம் பக்கவாட்டில் எப்படிப் பரவுகிறது என்று பல சேர்ந்துதான் ஒரு ஸ்பீக்கரின் குரல். இவை வேறுபட்டால் என்ன ஆகும் என்பதைத் திரையில் ஓர் ஆட்டோ இடமிருந்து வலமாகப் போகும்போது கேட்கலாம். லஸ் முனையில் ஆட்டோவாகப் புறப்படுவது, நடுவே தையல் மெஷினாகி, மந்தைவெளிப் பக்கம் மறுபடி ஆட்டோவாக வெளியே வரும். ஆட்டோவையாவது மன்னிக்கலாம். பாடிக்கொண்டே நடக்கும் பின்னணிப் பாடகருக்கு நடுவில் மட்டும் ஜலதோஷம் பிடித்தால் எப்படி? அதனால்தான் ஸ்பீக்கர் கம்பெனிகள் ஒவ்வொரு வரிசையிலும் அதே டிவீட்டர் போட்ட ஒரு சென்டரைச் சேர்த்தே தயாரிக்கின்றன. ஒரே கம்பெனிப் பெயர் இருந்தால் போதாது, ஒரே வரிசை வேண்டும். அதே கம்பெனியின் மலிவு வரிசை சென்டர், பெயரளவில்தான் உறவு.

அளவு விஷயத்தில் இன்னும் கறாராக இருப்பேன். 'பேச்சுதானே, மூன்று அங்குல ஊஃபர் போதாதா' என்பவர்கள் பழைய படங்களை மறந்துவிடுகிறார்கள். 1986-இல் 'மாவீரன்' 70 எம்.எம்.மில் ஆறு தட ஒலியோடு வந்தது. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பியோடு வந்தது. அதற்கு முந்தைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை ஒற்றைத் தட ஒலிதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயிலாப்பூர் ஹால்களில் ஓடுபவையும் அந்தப் படங்கள்தான். இரண்டு சேனலிலும் ஒரே சத்தம் வந்தால் அதை நடுவுக்குத் தள்ளிவிடுவது டால்பி புரோ லாஜிக் வகைச் சுற்றுகளின் இயல்பு. வீட்டு ரிசீவர்களில் 1987 முதல் இந்தத் தர்மம் நடந்து வருகிறது. விளைவு: 'தில்லானா மோகனாம்பாள்' போட்டால் முழுப் படமும் அந்த நடு ஸ்பீக்கர் ஒன்றின் வழியாகத்தான் வெளியே வரும். சிவாஜியின் கோபம், நாகேஷின் வைத்தி, எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம், தவில், ரயில் எல்லாம். ஆளுயர டவர்கள் இரண்டும் கைகட்டி நிற்க, மூன்று அங்குல ஊஃபர் ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வர மரபைச் சுமக்கும். நாயனம் பீப்பீ ஆகிவிடும். தவில், டிபன் பாக்ஸ்.

படுக்கை வடிவத்தில் இன்னொரு சிக்கல். பெரும்பாலான சென்டர்களில் டிவீட்டருக்கு இரு பக்கமும் இரண்டு ஊஃபர்கள், இரண்டும் ஒரே வேலையைச் செய்யும். நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு இரண்டின் சத்தமும் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஹாலின் ஓரத்துச் சாய்வு நாற்காலியில் இருக்கும் தாத்தா 30 டிகிரி விலகி இருக்கிறார் என்று வையுங்கள். ஊஃபர்களுக்கு இடையே 30 செ.மீ. என்றால், தாத்தாவின் காதுக்கு ஒன்றின் பாதை மற்றதைவிட 15 செ.மீ. நீளம். சென்னை வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் 1,150 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று கவிழ்த்துவிடுகின்றன. பேச்சு புரிவதற்கு நன்றாகவே தேவைப்படும் இடம் அது. 'அப்பாவுக்குக் காது மந்தமாயிடுத்து' என்று வீட்டில் முடிவு கட்டுவதற்கு முன், சாய்வு நாற்காலியை நடுவில் போட்டு ஒரு தடவை சோதித்துப் பார்ப்பது நியாயம். காது மெஷினைவிட அது மலிவு. வாங்கும்போதே, டிவீட்டருக்கு நேர் கீழே தனியாக ஒரு நடு அலைவரிசை யூனிட் வைத்த சென்டராகப் பார்த்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். எல்லாவற்றிலும் உத்தமம், டவரோடு பிறந்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒன்றை நடுவில் செங்குத்தாகவே நிறுத்துவது.

இனி ஆட்சேபங்கள். முதலாவது, கொஞ்சம் படித்தவர்களுடையது: நல்ல ஸ்டீரியோ இருந்தால் நடு ஸ்பீக்கரே வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் குரல் தானாகத் தோன்றும். தோன்றும்தான். இரண்டுக்கும் சரிசமமான தூரத்தில் அசையாமல் உட்காரும் ஒரே ஒருவருக்கு. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தால் இடது ஸ்பீக்கரின் சத்தம் நொடியின் ஆயிரத்தில் சில பங்கு முந்தி வர, காது குரலை அங்கேயே குடிவைத்துவிடும். மயிலாப்பூர் ஹாலில் ஊஞ்சல் வேறு இருக்கிறது. அது பக்கவாட்டில் ஆடும்படி மாட்டியிருந்தால், ஊஞ்சலில் இருக்கும் பாட்டிக்குக் கதாநாயகன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடம் மாறி மாறிக் காதலைச் சொல்வான். இன்னொன்றும் உண்டு. இல்லாத நடுவை இரண்டு ஸ்பீக்கர்கள் உண்டாக்கும்போது ஒவ்வொரு காதுக்கும் ஒரே குரல் இரண்டு முறை, மிகச் சிறிய தாமதத்தில் வருகிறது. அதனால் 2,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு பள்ளம் விழும். நாக்கை மடித்துச் சொல்லும் ழகரத்தின் அடையாளமும் ஏறக்குறைய அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அறையின் எதிரொலி பள்ளத்தைப் பாதி நிரப்பிவிடும் என்பது உண்மை. ஆனாலும் திரையில் ழகரம் வருவதே அபூர்வமாகிவிட்ட காலத்தில், வந்ததையும் பள்ளத்தில் தள்ளுவானேன்?

இரண்டாவது ஆட்சேபம் ரிசீவருக்குள் இருக்கும் தானியங்கித் திருத்தத்தை நம்புகிறவர்களுடையது. சின்ன மைக்கை சோபாவில் வைத்தால் அது பூம் பூம் என்று சத்தம் விட்டு எல்லா ஸ்பீக்கரையும் ஒன்றுபோல ஆக்கிவிடும் என்பார்கள். தூரத்தையும் சத்த அளவையும் அது அருமையாகச் சரிசெய்கிறது. ஆனால் அது கூட்டிக் குறைப்பது ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தைத்தான். ஸ்பீக்கரிலிருந்து வெளியே வந்த பிறகு ஒலி எந்தப் பக்கம் எப்படிப் பரவுகிறது என்பதில் அதற்கு அதிகாரம் இல்லை. தாத்தாவின் நாற்காலியில் இரண்டு ஊஃபர்கள் ஒன்றையொன்று கவிழ்க்கும் இடத்தில், இரண்டுக்கும் மின்சாரத்தைக் கூட்டினால் இரண்டும் இன்னும் பலமாகக் கவிழ்த்துக்கொள்ளும். மூன்றாவதாக ஒரு விரக்தி ஆட்சேபம்: இப்போதைய படங்களில் பின்னணி இசை வசனத்தை எப்படியும் விழுங்கிவிடுகிறது, தமிழ்ப் படத்தையே இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறோம், எந்த சென்டராய் இருந்தால் என்ன? இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் தங்களுக்கு எதிராகவே வாதாடுகிறார்கள். வசனம் தனித் தடத்தில் இருப்பதால்தான் ரிசீவரில் சென்டரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிக்கொள்ள முடிகிறது. ஏற்றும்போது தாங்குவதற்குத்தான் நல்ல சென்டர்.

கடைசி ஆட்சேபம் ஒலியைப் பற்றியதே அல்ல, இடத்தைப் பற்றியது. பழைய வீட்டை இடித்துக் கட்டிய ஃபிளாட்டில் டிவிக்கு மேலே சுவாமி படங்கள், கீழே அலமாரி, அலமாரிக்குள் வெள்ளிச் சாமான். நவராத்திரிக்கு அதே சுவரில்தான் கொலுப்படி. செங்குத்தான ஸ்பீக்கரை எங்கே நிறுத்துவது? இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை, பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது. படுக்கை சென்டர்தான் முடியும் என்றால், அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளாமல் விளிம்புக்கு இழுத்து வைத்து, முன்பக்கத்தை உட்கார்ந்தவரின் காதை நோக்கிக் கொஞ்சம் தூக்கிவிட்டால் பாதி வெற்றி. உள்ளே தள்ளினால் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல வசனம் கும்மென்று வரும். செங்குத்துக்குச் சம்மதம் கிடைத்தவர்களுக்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரைக் கடைகளில் பெரும்பாலும் ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒன்று நடுவில் நின்றுவிடும், மிச்சம் ஒன்று அட்டைப் பெட்டியோடு பரணுக்குப் போகும். 1999-இல் டால்பி டிஜிட்டல் ஈஎக்ஸ் வந்தபோது முதுகுக்குப் பின்னாலும் ஒரு நடுச் சேனல் உண்டு என்று ஆகிவிட்டது. அதனால் பரணில் இருப்பதற்கும் சாஸ்திரப்படி ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் பல வீடுகளில் சமையலறை வாசல் இருக்கிறது என்பதால், அதை அங்கே நிறுத்தும் முன் வீட்டு மாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.