செத்தவன் திரும்பினால்

கேள்வி: ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் உயர்நிலைக்கு வந்துவிட்டோம். யார் செத்தாலும் மந்திரம் போட்டு எழுப்பிவிடுகிறோம். சாவுக்கே மரியாதை இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், வளப்பூர் நாடு

பதில்: விடை உங்கள் ஊர் ஐயாற்றிலேயே நீந்துகிறதே! அறுத்துச் சமைத்த மீன் உயிர்பெற்று ஆற்றில் துள்ளியது என்கிறது அறப்பளீசுவரர் கோயில் தலவரலாறு. இன்றும் பக்தர்கள் அந்த ஆற்று மீன்களுக்கு இரை போட்டு வணங்குகிறார்கள். பிழைத்தது ஒரு மீன். மாறியதோ ஊரின் வழக்கம்.

ஆட்டத்தில் உயிர்ப்பிக்கும் மந்திரம் ஒன்று கேட்பது 1,000 பொன் பெறும் வைரம். உயர்நிலை வீரனுக்கு அது டீக்காசு. விலையை ஏற்றாதீர்கள், எழுப்பியவர்கள்மேல் ஒரு கடமையை ஏற்றுங்கள். காலத்தையும் விடாதீர்கள். அவிநாசியில் முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரர் மீட்டபோது, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு அல்லவா அவன் கரையேறினான்! உங்கள் வீரனும் அப்படியே வரட்டும். செத்துக் கிடந்த காலத்தில் மறுவுலகில் யாரைச் சந்தித்தான், என்ன வாக்குக் கொடுத்தான் என்பதிலிருந்து அடுத்த ஆட்டத்தைத் தொடங்குங்கள்.