வண்டி கட்டி வருது மியூசியம்

ஏலே மக்கா, இங்கன உக்காரு. ஊர் ஊரா மியூசியம் வண்டி விடப்போறேன்னு குதிக்கியே, நல்ல காரியந்தான். ஆனா உலகத்துல உனக்குத்தான் முதல்ல தோணுச்சோ? கல்கத்தா பிர்லா மியூசியத்துக்காரவ 1965லயே பஸ்ஸுல அறிவியல் சாமானை ஏத்தி ஊர் சுத்துனாவ. 2007ல அரசாங்கத்துக்காரவ 16 பெட்டி ரயிலே விட்டாவ, சயின்ஸ் எக்ஸ்பிரஸ்னு. பம்பாய் சிவாஜி மியூசியம் 2015ல ஏசி பஸ்ஸே விட்டுட்டு.

நோட்டீஸ்ல என்ன போட்டிருக்க? காலைல பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சு வரையா? அந்நேரம் ஊருல எவன் இருப்பான்? பொம்பளைய நூறுநாள் வேலையில, ஆம்பளைய வயக்காட்டுல. என்னைய மாதிரி கெழடும் நாலு கோழியுந்தான் கெடக்கும். அதுலயும் ரிப்பன் வெட்டி, பொன்னாடை போத்தி, ஆளாளுக்கு மைக்கைப் புடிச்சி முடிக்கதுக்குள்ள மத்தியானம் ஆயிரும். கோயில் கொடையன்னைக்குக் கொண்டா டே. வில்லுப்பாட்டு கேக்க வந்த சனம் விடிய விடிய முழிச்சிருக்கும். பலூன்காரனுக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவுல வண்டியை நிறுத்து. நெல்லையில ஆனித் திருவிழாவுக்குப் பொருட்காட்சி போடுதாவள்லா? டெல்லி அப்பளம் திங்க வந்தவந்தான் பாதிக் கூட்டம். அப்பளத்தைக் கடிச்சிட்டே பாத்தா என்ன, பாத்தது பாத்ததுதானே?

பெறவு அந்தக் கண்ணாடிப் பெட்டி. உள்ள ஒரு பானை. ‘கருப்பு சிவப்பு மட்பாண்டம், தொடாதீர்’னு ஒரு சீட்டு. எதுக்கு உள்ள கருப்பு, வெளிய சிவப்புன்னு சீட்டுல இருக்கா? பக்கத்துல நிக்க, பானை வனையுத நம்ம ஊர் வேளாரைக் கேளு. கவுத்தி வச்சிச் சுட்டா உள்புறமும் வாயும் காத்துப்படாமக் கருத்துரும், வெளிப்புறம் சிவந்துரும்னு நொடியில சொல்லுவாரு. அவரைப் பாத்தா உன் ஆளு ‘தள்ளி நில்லுங்க’ங்கான்? கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்தவன் கொல்லனையே வெரட்டுன கதையால்லா இருக்கு!

ஆதிச்சநல்லூர் இந்தா இருக்கு, தாமிரபரணிக் கரையில. 1876ல ஜாகர்னு ஒரு ஜெர்மன்காரன் தோண்டி, கெடச்சதை பெர்லினுக்குக் கொண்டு போனான். 1899க்குப் பெறவு அலெக்சாண்டர் ரியா தோண்டி எடுத்தது எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு. நம்ம ஆத்தங்கரைச் சாமானைப் பாக்க நாமளே ரயிலேறணும். நீ அதைப் படம் புடிச்சி, ஃபிளெக்ஸ்ல அடிச்சி, எங்களுக்கே காட்ட வாரியா? இப்பம் அங்கனயே கண்ணாடித் தரை போட்டு, தோண்டுன குழியையும் தாழியையும் இருந்த எடத்துலயே காட்டுதாவ. அது புத்தியுள்ளவன் செஞ்ச வேலை.

வண்டியில ஒரு பலகையைக் காலியா விட்டுட்டு வா. ஊர்க்காரவ அவிய வீட்டுச் சாமானையும் வைக்கட்டும், அதைப் பத்தி அவியளே பேசட்டும். எங்க பத்தாயத்துல ஒரு பழைய மரக்கால் கெடக்கு, நான் தாரேன். ஆனா ரசீது எழுதிக் குடுத்துட்டு எடு. முந்திப் போனது பெர்லின் வரைக்கும் போயிட்டு.