இங்கே அமுக்கிப் பாருங்க

முழங்கைக்காரர் கை குலுக்க மாட்டார். நாம் நீட்டிய கையைப் பார்த்து வருத்தமாகச் சிரிப்பார். பிறகு தன் வலது கையை மடக்கி, முழங்கையை நம் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, "இங்கே அமுக்கிப் பாருங்க சார்" என்பார். அமுக்கித்தான் ஆக வேண்டும். மரியாதைக்காக மெல்லத் தொட்டால் விடமாட்டார். "அங்கே இல்ல, வெளிப்பக்கம். எலும்பு ஒண்ணு துருத்திட்டு நிக்குதா? அதுக்கு ஒரு விரல் கீழ" என்று நம் கட்டைவிரலைப் பிடித்து அவரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இடம் சிக்கியதும் "ஸ்ஸ்ஸ்..." என்பார். அந்த 'ஸ்ஸ்ஸ்'ஸில் வலி கால் பங்கு, பெருமை முக்கால் பங்கு.

இந்த ஊரில் அந்த முழங்கையை அமுக்காதவர்கள் யாரும் மிச்சம் இருப்பதாகத் தெரியவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அமுக்கியிருக்கிறார், வலது கையில் சாம்பார் என்பதால் இடது கையால். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் கணக்கு டீச்சர் அமுக்கியிருக்கிறார். பையன் கணக்கில் எப்படி என்ற பேச்சு அன்றைக்கு எழவே இல்லை. ஒரு துக்க வீட்டில், வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் உட்கார்ந்திருப்பதை இவர் கண்டுபிடித்துவிட்டார். அவர் அமுக்க, அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்து அமுக்க, உள்ளே இருந்து வந்த இறந்தவரின் மகன், நமக்குத் தெரியாமல் இங்கே ஏதோ சடங்கு நடக்கிறது என்று நினைத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

அமுக்கியவர் சும்மா போக முடியாது, வைத்தியம் சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு அதில் பஞ்சமா? கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம். நொச்சி இலை. தென்னமரக்குடி எண்ணெய். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு வர்ம ஆசான், மச்சானுக்கு மச்சான் முதுகை அவர்தான் சரிசெய்தாராம். ஒருவர் புத்தூர்க் கட்டு போடச் சொன்னார். எலும்பு உடையவில்லையே என்றதற்கு, "உடையலேன்னா என்ன, போட்டு வைக்கலாம்" என்றார். இவர் எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொள்வார். சிக்கல் என்னவென்றால், குறித்துக்கொண்டதை எல்லாம் ஒரே வாரத்தில் செய்தும் விடுவார். இவர் படியேறிப் போய் அரைமணி ஆன பிறகும் மாடிப்படியில் நீலகிரித் தைலம் நின்றுகொண்டிருக்கும்.

முழங்கைக்குக் கீழே, முன்கைச் சதைமேல் கட்ட வேண்டிய பட்டையைச் சரியாக முட்டியின்மேல் கட்டிக்கொண்டு அலைவார். அதுவும் சட்டைக்கு மேலே. உள்ளே கட்டினால் யாருக்குத் தெரியும்?

வலிக்கும் வரலாறு உண்டு. "சச்சினுக்கும் இதே டென்னிஸ் எல்போதான் சார்" என்பார். 2004 அக்டோபரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு நடந்த டெஸ்டில் சச்சின் ஆடாமல் போனது, அடுத்த வருஷம் லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது, எல்லாம் சொந்தக்காரர் வீட்டுச் சேதிபோல வரும். உண்மைதான். ஆனால் சச்சின் 1989 முதல் உலகத்தின் வேகப்பந்தை எல்லாம் வாங்கி அந்த முழங்கையைச் சம்பாதித்தார். இவர் பொங்கலுக்குப் பிறகு ஜிம்மில் சேர்ந்து, கண்ணாடியைப் பார்த்து பைசெப்ஸ் அடித்துச் சம்பாதித்தார். தவிர, கை வலித்தபோது சச்சின் மட்டையைக் கீழே வைத்தார்.

பிசியோதெரபிஸ்டிடம் போனபோது துணைக்கு நானும் போயிருந்தேன். பொறுமையான பெண். மணிக்கட்டைப் பின்னால் தூக்கும் தசைகள் எல்லாம் அந்த வெளிப்பக்க எலும்பில்தான் தசைநாணாக வந்து ஒட்டுகின்றன. கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அந்த இடம் இழுபடுகிறது. தசை சீக்கிரம் வளர்ந்துவிடும், தசைநாண் அந்த வேகத்துக்கு வராது என்று படம் வரைந்து காட்டினார். டென்னிஸ் மட்டையைத் தொட்டே இராத தச்சருக்கும் பெயின்டருக்கும் டென்னிஸ் எல்போ வருவது இதனால்தானாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகிறதா, அப்படியானால் அது நரம்பு சமாச்சாரம் என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்ததில் இவருக்கு ஏமாற்றம் முகத்திலேயே தெரிந்தது. மறுநாள் காலை சுண்டுவிரல் மரத்திருந்தது.

அந்தப் பெண் சொன்ன வைத்தியம் ரொம்பச் சின்னது. ஜிம்மை விட வேண்டாம், எடையைக் குறையுங்கள். நேர்க் கம்பியை வைத்துவிட்டு வளைந்த கம்பியை எடுங்கள். நெற்றிக்கு மேல் கம்பியை இறக்குகிற ஸ்கல் கிரஷரைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். ஒரு கிலோ டம்பெலைப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் மெல்ல, ரொம்ப மெல்லக் கீழே இறக்குங்கள். மாதக்கணக்கில் செய்ய வேண்டும்.

இவர் காதில் விழுந்தது "ஜிம்மை விட வேண்டாம்" மட்டும்.

மற்றதெல்லாம் கூடப் போகட்டும், அந்த ஒரு கிலோ டம்பெலில்தான் கதை நின்றது. இவர் ஜிம்மில் ஒரு கிலோ டம்பெல் ரோஸ் கலர். அதைப் போய் எடுப்பதா? மாஸ்டர் பார்ப்பார். கல்லூரிப் பையன்கள் பார்ப்பார்கள். கண்ணாடி வேறு பார்க்கும். கம்பவுண்டர் சொன்னதைச் செய்தார், எண்ணெய்க்காரர் சொன்னதைச் செய்தார். படித்துப் பட்டம் வாங்கிய ஒருத்தி சொன்னதை மட்டும் நிறத்துக்காகத் தள்ளிவைத்தார். அதற்குப் பதில் வேறொரு இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டார். அந்த ஊசி முதல் சில வாரம் வலியை வாயடைக்க வைக்கும். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், போட்டுக்கொண்டவர்களைவிடப் போடாதவர்களே தேவலை என்று ஆய்வுகளே சொல்லிவிட்டன. இவருக்கு ஒரு வருஷமெல்லாம் தேவைப்படவில்லை. வலி நின்ற வாரமே பக்கத்துக்கு ஐந்து கிலோ கூடுதலாக மாட்டிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வந்த சர்க்கரை தனக்கும் வந்துவிடக் கூடாதென்று நாற்பத்தைந்து வயதில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போகிற ஆள் இவர். மழை பெய்தாலும் போவார். தொப்பை போனது, மூச்சு வாங்குவது போனது. மாமியார் வீட்டு விசேஷத்தில் குழந்தைகள் தொங்குவதற்கு அந்தக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது பார்க்க அழகாகவே இருக்கும். குழந்தைகள் தொங்கும்போது வலிப்பதில்லை.

அதுதான் எனக்குப் புரியவில்லை. எந்த எடைக்கு வலிக்கும், எந்த எடைக்கு வலிக்காது என்று அந்த முழங்கை எப்படித் தீர்மானிக்கிறது? ஜிம்மில் இருக்கும் நீளக் கம்பி, தட்டு எதுவும் மாட்டாமலே 20 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேனும் அதே 20 கிலோ. ஆறு மணிக்கு அந்தக் கம்பியைத் தட்டுகளோடு நெஞ்சுக்கு மேலே தூக்குகிறவர், எட்டு மணிக்குக் கேன்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போனதும் பட்டையைத் தடவிக்கொண்டு, "கையப் பாருங்க சகலை" என்கிறார். கேஸ் சிலிண்டருக்கும் அதே பதில்தான். கிரைண்டரை நகர்த்த, பீரோவைத் தள்ள, ஊருக்குப் போகும்போது பெட்டி இறக்க, எல்லாவற்றுக்கும் "கையப் பாருங்க சகலை." ஒரே காம்பவுண்டில் இரண்டு குடும்பம், மாடி இரண்டு, லிஃப்ட் கிடையாது. இவர் வீட்டுக் கேனையும் சேர்த்து நான்தான் தூக்குகிறேன். நான் எந்த ஜிம்முக்கும் போனதில்லை.

இதை அவர் படிப்பார். தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. எந்தப் பத்தியில் மருந்து இருக்கிறது என்றுதான் தேடுவார். இருக்கிறது சகலை, நடுவில், ரோஸ் கலரில். வியாழக்கிழமை கேன் வந்தால் உங்களுடையதை வாசலிலேயே வைத்திருக்கிறேன்.