உப்பின பூரி யாருக்கு?

இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பூரி. வாணலியிலிருந்து வந்ததில் ஒன்றே ஒன்றுதான் பந்து மாதிரி உப்பியிருந்தது; மற்றதெல்லாம் அப்பளத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்த ஒன்றை மனைவி எங்கள் மகன் தட்டில் போட்டாள். நான் எழுந்து பால்கனிக்குப் போய், காலையிலேயே படித்து முடித்த பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். எனக்கு வயது 57. சர்க்கரைக்கு மாத்திரை உண்டு, வீட்டுக் கடனில் இன்னும் 14 தவணை பாக்கி.

பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். "அப்பா, இது பூரிக் கோபம் இல்லப்பா. உங்களுக்குள்ள இருக்கிற குழந்தை காயப்பட்டிருக்கு" என்றாள்.

"உள்ளே மட்டுமா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

மகள் சில புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். எரிக் பெர்ன் என்ற மனநல மருத்துவர், மனிதனுக்குள் பெற்றோர், பெரியவர், குழந்தை என்று மூன்று பேர் குடியிருப்பதாகச் சொல்கிறார். மகள் வந்தால் எங்கள் வீட்டில் நாலு பேர். ஆக பன்னிரண்டு பேருக்கு ஒரு பாத்ரூம். காலை ஏழரை மணிச் சண்டைகளுக்கு அன்றுதான் விளக்கம் கிடைத்தது. உள்ளே அடிபட்டுக் கிடக்கும் குழந்தையைத் தேடிப் போய் இனி நீயே அதற்கு அப்பனாக இரு என்று ஜான் பிராட்ஷா 1990-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நான் எப்படிப்பட்ட அப்பன் என்று என் பிள்ளைகளைக் கேட்டிருந்தால் அவர் அந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டார்.

எனக்குப் பிடித்தது கார்ல் யுங் கதைதான். ஃப்ராய்டோடு உறவு முறிந்து, நாற்பதை நெருங்கும் வயதில் திசை தெரியாமல் நின்றவருக்கு, பத்து வயதில் கல்லடுக்கி விளையாடியது ஞாபகம் வந்திருக்கிறது. தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் சூரிச் ஏரிக்கரையில் கல் பொறுக்கிக் குட்டி வீடு, கோட்டை, தேவாலயம் என்று கட்டுவாராம். நோயாளிகள் வந்தால்தான் எழுந்திருப்பாராம். எங்கள் அடுக்ககத்துக்குக் கீழே ஜல்லி கொட்டியிருந்தது. குனிந்து நாலு கல் எடுத்திருப்பேன், மூன்றாம் மாடியிலிருந்து, "ஏங்க, கல் பொறுக்கணும்னா மேலே வாங்க, உளுந்து இருக்கு!"

சரி, ஓசையில்லாத வைத்தியம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். லூசியா கப்பாக்கியோனி என்ற அமெரிக்க அம்மையார் ஒரு வழி சொல்கிறார். வழக்கமாக எழுதும் கையால் கேள்வி எழுத வேண்டும். மற்றக் கையால் உள்ளே இருக்கும் குழந்தை பதில் எழுதும். (எங்கள் மூன்றாம் வகுப்பு வாத்தியார் இடது கையில் பென்சிலைப் பார்த்தாலே ஸ்கேலைத் திருப்பி விரல் கணுவில் போடுவார். அம்மையாரை அவர் அறியார்.) "உனக்கு என்னடா குறை?" என்று வலது கையால் எழுதினேன். இடது கை வெகுநேரம் திணறியது. "அண்ணனுக்கு மட்டும் ஏன்" என்று எழுதியது. 'ண்'ணுக்கு ஐந்து சுழி விழுந்திருந்தது.

சிரிக்கத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

கும்பகோணத்தில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். பூரி மாதத்துக்கு ஒரு தடவை. உப்பினது அண்ணனுக்கு, அவர் பரீட்சைக்குப் படிக்கிறார் என்பது காரணம். எனக்கு நினைவு தெரிந்து எட்டு வருஷம் அவர் பரீட்சைக்குத்தான் படித்துக்கொண்டிருந்தார். என் பாடப் புத்தகங்களில் அவர் பெயரை அடித்து அதற்குக் கீழே என் பெயர் இருக்கும். பயிற்சிகளுக்குப் பென்சிலால் விடையும் எழுதிவைத்திருப்பார், பாதி தப்பாக. நான் அதையே பார்த்து எழுதி அதே மார்க் வாங்கினேன்.

அடி உதை பட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. அவர்கள் நல்ல மனநல ஆலோசகரைத்தான் பார்க்க வேண்டும். என் காயம் பூரி அகலம்தான் என்பதால் நேரே அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அவருக்கு வயது 63.

"பூரியாடா? நீ பொறந்த அன்னிக்கே என்னை அம்மா பக்கத்துலேர்ந்து எழுப்பித் திண்ணைக்கு அனுப்பிட்டாங்கடா. தாத்தா குறட்டைக்கு நடுவுல ஆறு வயசுப் பையன்! அதுக்கு நான் யாருக்கு ஃபோன் போடறது?"

நான் பாடப் புத்தகத்தை எடுத்தேன். அவர் பம்பரத்தை எடுத்தார். 1974-ல் அதைக் கிணற்றில் போட்டது நானாம். இருவருக்கும் சேர்த்து வயது 120. யார் முதலில் ஃபோனை வைத்தது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது.

மறுநாள் மனைவியும் அண்ணியும் பேசி முடித்தார்கள். நடுநடுவே சிரிப்புச் சத்தம் கேட்டது.

இந்த ஞாயிறு மறுபடி பூரி. முதலில் உப்பினது, எண்ணெய்கூட வடியாமல், நேராக என் தட்டுக்கு வந்தது. மகன் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தான். அரை நூற்றாண்டாக நினைத்திருந்ததைச் செய்தேன்: நட்டநடுவில் விரலால் ஒரு குத்து. உள்ளே அவ்வளவு ஆவி இருக்கும் என்று அண்ணன் ஒரு நாளும் சொன்னதில்லை.

வலது கையில் கட்டு. இந்தக் கடைசி இரண்டு பத்திகள் இடது கையால் எழுதியவை. ஆசிரியர் தயவுசெய்து சுழிகளை எண்ணிப் பார்த்து அச்சுக்கு அனுப்பவும்.