கடிதத்தை எழுதியவள்

1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. எங்கள் தெரு மொத்தமும் ரஜினி பக்கம். சித்தி மட்டும் கமல் ரசிகை. கூட்டம் அடங்கியதும் என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு பழனியில் ‘குணா’வுக்குப் போனாள். எனக்கு அப்போது பத்து வயது. கதை பாதிக்கு மேல் புரியவில்லை. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் நீலமாகத் தெரிகிற மலைக்குள் இப்படி ஒரு குகையா என்று வாய்பிளந்து பார்த்தேன். இடைவேளையில் வாங்கிய முறுக்கு, படம் முடியும்வரை கையிலேயே நமத்துப்போய் இருந்தது.

படம் வருவதற்கு முன் கொடைக்கானலின் அந்த இடம் ‘டெவில்ஸ் கிச்சன்’. 400 அடி உயரத் தூண் பாறைகளுக்கு நடுவே விழுந்த ஆழமான பிளவுகள். சந்தானபாரதி அங்கே படமெடுத்தபின் அது குணா குகையாகிவிட்டது.

சென்ற கோடை விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றெல்லாம் நினைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். பெருமாள்மலை தாண்டும்போதே அவள் ‘குணா’வில் வரும் கடிதப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் கொடுத்த பாட்டு அது அவளுக்கு. 2006இல் கொச்சிப் பக்கமிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் பிளவுக்குள் விழ, இன்னொருவர் கயிறு கட்டி இறங்கி மீட்ட உண்மைக் கதை. நான் காதல் பாட்டாகக் கேட்டு வளர்ந்ததை அவள் நட்பின் பாட்டாகவே அறிந்திருக்கிறாள். எனக்கு அது சந்தோஷம்தான். ஒரு பாட்டுக்கு இரண்டு ஆயுள் கிடைப்பது லேசான காரியமில்லை.

குகையை இப்போது கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். வேலி போட்டது நல்லதே. பல உயிர்களைக் காவு வாங்கிய பள்ளம் அது. பாம்பாகப் பின்னிக் கிடக்கும் சோலை மரத்து வேர்களில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பி ‘குணா’வைப் போட்டோம். நான் ஆசை ஆசையாகக் காத்திருந்த இடம் வருவதற்குள் மகள் கேட்டாள்: “ஏம்மா, அவன் அந்தப் பொண்ணைக் கடத்திட்டுத்தானே வந்திருக்கான்? இதையா உனக்குப் பிடிச்ச படம்னு சொன்ன?”

கடத்தல்தான். அபிராமி அந்தாதியின் பித்தை ஒரு மனநோயாளியின் தலைக்குள் வைத்துப் பார்த்த படம். கடத்தப்பட்ட ரோகிணி பயந்து, அழுது, தப்பிக்கப் பார்க்கிறாள். படம் அதை மறைக்கவில்லை. சித்தி அன்றைக்குக் கமலைப் பார் கமலைப் பார் என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் நான் ரோகிணியைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

“அந்தக் கடிதத்தை யார் எழுதறா பாரு கண்ணு” என்று பாட்டை மறுபடி ஓட்டினேன். குணாவுக்கு எழுதத் தெரியாது. திக்கித் திணறி வசனமாக அவன் கொட்டுவதையெல்லாம் கையில் வாங்கிப் பாட்டாக்கித் தருகிறவள் ரோகிணிதான். கமலின் பேச்சு எங்கே முடிகிறது, ஜானகியின் குரல் எங்கே தொடங்குகிறது என்று காது கொடுத்தால் இளையராஜாவும் வாலியும் செய்திருக்கும் வேலை தெரியும். அடைபட்டுக் கிடப்பவளின் கையில்தான் பேனா இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பாட்டைக் கேட்டும் மகள் கேட்ட பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

அவள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. “எழுதினா சரி. அதுக்காக அவளுக்கு அவனைப் பிடிச்சிருச்சுன்னு ஆயிடுமா? போறதுக்கு வேற வழி இல்லாம கூட இருந்திருக்கலாம்ல?”

ரோகிணிக்கு அவனைப் பிடித்துத்தான் இருந்தது என்பது என் கட்சி. படத்தின் கடைசியில் அவள் முகத்தைப் பார், அதில் பயம் எங்கே இருக்கிறது என்கிறேன். மகள் பழனியிலிருந்து கல்லூரி விடுதிக்குத் திரும்பிய பிறகும் போனில் இந்த வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.