நாற்காலியில் அமர்ந்து கால் ஆட்டுதல்: ஒரு தசையியல் விசாரணை

மனித உடலில் 600-க்கும் மேற்பட்ட எலும்புத் தசைகள் உள்ளன. அவற்றுள் குடும்பத்துக்கு ஆகாதது என்று பெரியவர்கள் தீர்ப்பு எழுதியிருப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். உட்கார்ந்தபடி காலை ஆட்டினால் லட்சுமி வீட்டைவிட்டுப் போய்விடுவாள் என்பது தீர்ப்பின் சாரம். குற்றம் எந்தத் தசையுடையது என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

முதலில் எல்லை. கால்மேல் கால் போட்டு மேற்காலைச் சுழற்றுவது வேறு தசைகளின் விவகாரம், விட்டுவிடலாம். முன்பாதம் தரையில் ஊன்றியிருக்க, குதிகால் மட்டும் ஏறி இறங்க, முழங்கால் அதிர, மேசையில் டம்ளர் காபி வட்டம் வட்டமாக அலையடிக்கும் நிலையே ஆய்வுப்பொருள். இதைச் செய்பவர் இனி ‘ஆட்டுநர்’ எனப்படுவார்.

ஆடுசதையில் முக்கியமாக இரண்டு தசைகள். மேலே திரண்டு தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அதன் அடியில் தட்டையாகப் பதுங்கியிருப்பது சோலியஸ். இரண்டும் அக்கிலிஸ் தசைநாணில் ஒன்றுசேர்ந்து குதிகால் எலும்பை மேலே இழுக்கின்றன. கண்ணில் படுவதன்மேல்தான் பழி விழும். ஆனால் காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குவது. உட்கார்ந்து முழங்காலை மடக்கியதும் அது தொய்ந்து, வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. மடக்கினாலும் நீட்டினாலும் அதற்கு ஒன்றுதான். ஆகவே முதல் குற்றவாளி சோலியஸே. குதிகால் இறங்கக் காலின் எடையே போதும். அவசரக்கார ஆட்டுநர்களுக்கு மட்டும் முன்னங்காலின் டிபியாலிஸ் ஆன்டீரியர் உடந்தை.

சோலியஸில் பெரும்பாலானவை மெதுவாக இயங்கும், எளிதில் களைக்காத நார்கள். ரேஷன் கடை வரிசையில் நாம் குப்புற விழாமல் நிற்பதும் அதன் உபயம். ஆட்டுநர் களைத்துப்போய் நிறுத்துவதில்லை, அதட்டினால்தான் நிறுத்துகிறார் என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

முன்னோர் நூல்களையும் புரட்டினோம். 1543-இல் பாசல் நகரில் அச்சான வெசாலியஸின் உடற்கூறு நூலில் தோலுரித்த தசை மனிதர்கள் கம்பீரமாக நிற்கிறார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் ஒருவரையும் காணோம். அவரால் நமக்கு உதவியில்லை.

மிதி மெஷினில் தையற்காரர் அசைப்பதும் இதே கணுக்காலைத்தான். அங்கே லட்சுமி போவதில்லை, வருகிறாள். கால்விரலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தூளி ஆட்டியபடியே கீரை ஆயும் பாட்டியை யாரும் கண்டித்ததில்லை. அந்தப் பாட்டிதான் பேரனை அதட்டுகிறார். செய்வது உருப்படியான வேலையா, வெட்டி ஆட்டமா என்று சோலியஸுக்குத் தெரிய வழியில்லை. அது பாட்டிக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவின் மிசோரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 11 பேரை 3 மணி நேரம் உட்காரவைத்து, ஒரு காலை மட்டும் ஒரு நிமிடம் ஆட்டி, நான்கு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆட்டச் சொன்னார்கள். மற்றக் கால் அசையக் கூடாது. முடிவில், அசையாத காலில் முழங்காலுக்குப் பின்னுள்ள தமனியின் செயல்திறன் குறைந்திருந்தது. ஆட்டிய காலில் கூடியிருந்தது. அந்த அறைக்குள் பெரியவர்கள் யாரையும் விடவில்லை என்று ஊகிக்கிறோம்.

ஒரு கேள்வி எஞ்சுகிறது. மூவர் அமரும் பெஞ்சில் நடுவில் இருப்பவர் ஆட்டினால், இருபுறமும் இருப்பவர்களுக்கும் அந்தப் பலன் போய்ச் சேருமா? டாக்டருக்காகக் காத்திருப்போர் பெஞ்சுகளில் கள ஆய்வு செய்தோம். அவர்கள் முகத்தைப் பார்த்தால் சேர்வதாகத் தெரியவில்லை.